மூன்றே முக்கால் மணித் தேர்வு: வளரிளம் பருவத்தினருக்கான பாலியல் நலக் கல்வியை மதிப்பிடுவதில் நடக்கும் தவறுகள்

வகுப்பு மதியம் மூன்றரைக்கு முடியும். மூன்றே முக்கால் மணிக்கு ‘பின் தேர்வு’. காலையில் முன் தேர்வில் பத்துக்கு நான்கு வாங்கிய பிள்ளை இப்போது எட்டு வாங்கும். ரிப்போர்ட்டில் ‘விழிப்புணர்வு இரு மடங்கானது’ என்று ஒரு வரி, பக்கத்தில் கலர் கலராக ஒரு வரைபடம். பாலியல், இனப்பெருக்க நலக் கல்வித் திட்டம் ஒன்று பள்ளிக்குள் வந்தால், அதன் மதிப்பீடு பல இடங்களில் இவ்வளவுதான். நானும் இப்படிப்பட்ட ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவன்தான். எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்துகொண்டதே அதனால்தான்.

அந்தத் தேர்வு அளப்பது கால் மணி நேர ஞாபகத்தை. மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளிடம் போய்க் கேட்டால் பாதி மறந்திருக்கும். ஆனால் மறக்காத மீதிப் பாதிதான் திட்டத்தின் உண்மையான கணக்கு. பின் தேர்வை ஒரே நாளில் முடிக்காமல், குறைந்தது ஒரு பருவமாவது தள்ளி இன்னொரு முறை வைக்கப் பணம் ஒதுக்குங்கள். பணம் இல்லை என்றால் அன்றைய தேர்வை நடத்துங்கள், தப்பில்லை. அதற்கு ‘விழிப்புணர்வு’ என்று பெயர் வைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு அளவுகோலிலேயே இருக்கிறது. வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 10 முதல் 19 வயது வரை. அதில் 10–14 வயதினரைப் பற்றிப் பெரிய கணக்கெடுப்புகளில் அதிகம் கிடைக்காது. தேசியக் குடும்ப நல ஆய்வில்கூட 15 வயதிலிருந்துதான் பெண்களிடம் நேரடியாகப் பேட்டி எடுக்கிறார்கள். அதனால் மதிப்பீட்டுக்கு உட்காருகிறவர்கள் கைக்கு எட்டிய 15–19 வயது அளவுகோல்களை அப்படியே தூக்கி ஆறாம் வகுப்பின் தலையில் வைத்துவிடுகிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஆணுறையைப் பற்றியும் கருத்தடை மாத்திரையைப் பற்றியும் கேள்வி. தலைமையாசிரியர் பதறிப்போய்க் கேள்வித்தாளையே திருப்பிக் கொடுப்பார். கொடுக்காவிட்டாலும், அந்த வயதில் எண்பது சதவீதம் ‘தெரியாது’ வந்தால் அதை வைத்து என்ன செய்வது?

அந்த வயதில் ஒரு வகுப்பு எதை மாற்ற முடியும் என்று முதலில் யோசிக்க வேண்டும். முதல் மாதவிடாய் வரும்போது அந்தப் பெண் பயந்து நடுங்காமல் இருந்தாளா? யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரிந்ததா? தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் இல்லை என்று பையனுக்குப் புரிந்ததா, இல்லை இன்னும் ‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்பதையும் லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்தையும் நம்பிக்கொண்டிருக்கிறானா? பிடிக்காத தொடுதலை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லத் தைரியம் வந்ததா? வகுப்பில் ஒருத்தியின் சுடிதாரில் கறை பட்டால் பையன்கள் இன்னும் சிரிக்கிறார்களா? இவையெல்லாம் அளக்கக்கூடியவை. கர்ப்பம் குறைந்ததா என்பதை இந்த வயதில் கேட்டு ஒரு வருடத்தில் பதில் வாங்க முடியாது.

பையன்கள் என்றதும் இன்னொன்று. மாதவிடாய் வகுப்பு என்றாலே பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. மதிப்பீட்டிலும் அவர்களை விட்டுவிடுகிறோம். கேலி குறைந்ததா என்பதைக் கேலி செய்தவர்களிடம் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

அப்புறம் கேள்விகளின் தமிழ். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஆங்கிலக் கேள்வித்தாளை மொழிபெயர்ப்பு ஏஜென்சியிடம் கொடுத்து வாங்கினால் ‘பூப்பெய்துதலின் உடலியல் அறிகுறிகள் யாவை’ என்று வரும். ‘வயசுக்கு வருவது’ என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை இதைப் பார்த்து முழிக்கும். நாம் அதை அறியாமை என்று குறித்துக்கொள்வோம். உண்மையில் அந்தக் கேள்வி சோதித்தது செந்தமிழ்ப் பயிற்சியை. எதிர்மறை வாக்கியங்கள் இன்னும் மோசம். ‘மாதவிடாய் இரத்தம் அசுத்தமானது இல்லை: சரி / தவறு’ என்று கேட்டுப் பாருங்கள். ‘அசுத்தம் இல்லை’ என்று சரியாக நினைக்கிற பிள்ளை அந்த ‘இல்லை’யைப் பார்த்துக் குழம்பித் ‘தவறு’ என்று டிக் அடித்துவிடும். ‘மாதவிடாய் நேரத்தில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும்’ என்று கேட்டால் ஒரு குழப்பமும் இல்லை. ‘முழுமையாக ஒத்துக்கொள்கிறேன், ஓரளவு ஒத்துக்கொள்கிறேன், நடுநிலை’ என்று போகும் ஐந்து படிகளும் பத்து வயதுக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஒரு குட்டிக் கதை சொல்லி, ‘நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்கலாம். 10–14 வயதினரையே மையமாக வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பல நாடுகளில் நடத்தும் ஆய்விலும் இந்தக் கதை உத்தியைப் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும், நிஜத் தேர்வுக்கு முன் பத்துப் பிள்ளைகளிடம் கேள்வியைப் படிக்கக் கொடுத்து, ‘இது என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்லு’ என்று கேட்டுவிடுங்கள். ஒரு மதியம் போதும்.

சரி, கேள்வி புரிந்துவிட்டது. பிள்ளை உண்மையைச் சொல்லுமா? ஒரு பெஞ்சில் மூன்று பேர், பக்கத்தில் வகுப்பாசிரியர் நடந்துகொண்டிருக்கிறார், தாளின் மேலே பெயரும் ரோல் நம்பரும். இந்த நிலையில் எந்தப் பிள்ளையும் டீச்சருக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதும். தான்சானியாவின் முவான்சா பகுதியில் 1990-களின் இறுதியில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வை இதற்காகவே பார்க்க வேண்டும். 20 சமூகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் மட்டும் தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில் பாலியல் நலப் பாடம் நடத்தினார்கள். அறிவும் மனப்பான்மையும் நன்றாகவே உயர்ந்தன. ஆனால் இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. அங்கேயே பல முறைகளில் தகவல் சேகரித்து ஒப்பிட்டபோது, பரிசோதனையில் கர்ப்பமோ பால்வினைத் தொற்றோ தெரிந்த இளம்பெண்களில் சிலர் கேள்வித்தாளில் ‘எனக்கு அனுபவமே இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். பள்ளித் தாளை மட்டும் பார்த்திருந்தால் திட்டம் அமோக வெற்றி.

இதைச் சமாளிக்க வழிகள் உண்டு. ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏறக்குறைய பாதியில் 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாலின சமத்துவம் பற்றி இரண்டரை வருடம் வகுப்பு நடத்திய ஓர் ஆய்வு நடந்தது. யார் யார் ‘நல்ல பிள்ளை’ பதில் சொல்லும் சுபாவம் உள்ளவர்கள் என்பதைத் தனியாக ஓர் அளவுகோல் வைத்து முன்பே குறித்துக்கொண்டார்கள். மாற்றம் தெரிந்தது அவர்களிடம் மட்டும்தானா என்று பின்னால் சரிபார்க்க முடிந்தது. திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்தும் போய்க் கேட்டார்கள். சின்னத் திட்டத்தால் இவ்வளவு முடியாது. ஆசிரியரை வெளியே நிற்கச் சொல்லலாம், தாளைப் பெட்டியில் போடச் சொல்லலாம், பெயருக்குப் பதில் ஒரு ரகசியக் குறியீடு வைக்கலாம். குறியீட்டில் பிறந்த தேதியைச் சேர்க்காதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்காக மே, ஜூன் என்று மாற்றிக் கொடுத்த தேதி ஒன்று, வீட்டில் கொண்டாடும் தேதி ஒன்று. முன் தேர்வில் ஒன்றை எழுதிய பிள்ளை பின் தேர்வில் மற்றதை எழுதும்.

ஒப்பிட ஆள் இல்லாமல் மதிப்பிடுவது அடுத்த தவறு. ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை ஏப்ரலில் அதே பிள்ளை இல்லை. பத்து மாதத்தில் சிலர் வயசுக்கு வந்திருப்பார்கள், அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள், யூடியூப் சொல்லியிருக்கும். அந்த வளர்ச்சி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். ஒப்பீட்டுக்காக ‘ஏ’ செக்‌ஷனுக்கு வகுப்பு, ‘பி’ செக்‌ஷனுக்கு இல்லை என்று பிரித்தாலும் பயனில்லை. மதியச் சத்துணவு வரிசையிலேயே விஷயம் ‘பி’க்குப் போய்விடும். பள்ளி பள்ளியாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்த பிறகு, ஒரே பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி மாறுவார்கள் என்பதால், மூன்று பள்ளியில் 300 பிள்ளைகள் என்றால் நம்மிடம் இருப்பது கிட்டத்தட்ட மூன்று சான்றுகள்தான், முந்நூறு இல்லை.

ஒப்பீடு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெர்த் பொம்மையைச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளில் 13–15 வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில், ராத்திரியில் அழுகிற, பால் கேட்கிற, தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிற எலக்ட்ரானிக் பொம்மையை வார இறுதியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளை வளர்ப்பது கஷ்டம் என்று புரிந்தால் சிறு வயதில் கர்ப்பம் குறையும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 20 வயது வரை மருத்துவமனைப் பதிவுகளை வைத்துப் பின்தொடர்ந்தார்கள். பொம்மை வளர்த்தவர்களில் 8% பேர் குழந்தை பெற்றிருந்தார்கள், மற்றவர்களில் 4%. கருக்கலைப்பும் 9%, 6%. 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அந்தப் பிள்ளைகளிடம் திங்கள்கிழமை காலையில் பின் தேர்வு வைத்திருந்தால், ‘பிள்ளை வளர்ப்பது ரொம்பக் கஷ்டம்’ என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

வகுப்பே நடக்காத திட்டத்தை மதிப்பிடுவதும் சாதாரணமாக நடக்கிறது. பத்து அமர்வு என்று காகிதத்தில் இருக்கும். இனப்பெருக்க மண்டலம் வரும் இரண்டு அமர்வுகளை மட்டும் ஆசிரியர் ‘வீட்டில் படிச்சுக்கோங்க’ என்று தாண்டியிருப்பார். 2007-ல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் எதிர்ப்புக்குப் பயந்து நிறுத்திய நாட்டில் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் எத்தனை அமர்வு நடந்தது, யார் நடத்தினார், எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்காவிட்டால், பாடம் பலிக்கவில்லையா, பாடமே நடக்கவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வராதவர்களையும் எழுதுங்கள். பின் தேர்வு அன்று லீவு போட்டவர்களில் மாதவிடாய் வலியால் வராதவர்கள் இருப்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களும் இருப்பார்கள். வந்த பிள்ளைகளின் சராசரி அழகாக இருப்பதற்கு இவர்கள் வராததும் ஒரு காரணம்.

இன்னொன்று, இதில் விளையாட முடியாது. கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று அச்சடிக்கிறோம். போக்சோ சட்டம் 2012-ன் 19-ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் புகார் கொடுக்க வேண்டியது நம் கடமை. கொடுக்காவிட்டால் தண்டனை உண்டு. ஆக, அந்த வாக்குறுதியை நாம் கொடுக்கவே கூடாது. ‘உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி செய்கிறவர்களிடம் சொல்வோம்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெற்றோர் கையெழுத்து வாங்கினால் போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தொடுதல் பற்றிய கேள்வி வைக்கிற நாளில் குழந்தைகள் உதவி எண்ணான 1098 கையில் இருக்கும், பிள்ளையோடு பேசக்கூடிய ஓர் ஆலோசகர் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அது முடியாது என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளையைப் பேசவைத்துவிட்டு ஆட்டோ ஏறி வந்துவிட நமக்கு உரிமை இல்லை.

எண்களைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் விடுவதால் நாம் இழப்பது கேள்விப் பெட்டியை. வகுப்பில் ஓரமாக ஓர் அட்டைப்பெட்டி, பெயர் எழுதாத சீட்டுகள். முதல் வாரம் விழுகிற சீட்டுகளில் பாதி சினிமா நடிகரைப் பற்றிய கிண்டல், மீதியில் பயம்: ‘இது வந்தா செத்துப் போவாங்களா?’ வகுப்பு ஒழுங்காகப் போயிருந்தால் கேள்விகளே மாறும்: ‘என் தங்கச்சிக்கு இதை நான் எப்பச் சொல்லலாம்?’ இந்த மாற்றத்தைத் தேதி வாரியாகத் தொகுத்தால் எந்த வரைபடத்தையும்விட அதிகம் சொல்லும். அந்தச் சீட்டுகளைத் தட்டச்சு செய்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். பள்ளியில் விட்டு வந்தால், கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று மறுநாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.