கோயில் யானையின் பராமரிப்பைப் பாதத்திலிருந்து தொடங்குவோம்

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு 2022-ஆம் ஆண்டில் பக்தர்கள் தோல் செருப்பு செய்து கொடுத்த செய்தியைப் பலரும் நெகிழ்ச்சியோடு படித்திருப்பார்கள். மூட்டு வலியால் நடக்கச் சிரமப்பட்ட அந்த யானை 2025 ஜனவரியில் இறந்தது. யானையின் நலத்தில் அக்கறையுள்ள நிர்வாகிகளும் பாகன்களும் உபயதாரர்களும், செருப்பு தேவைப்படும் நிலை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, முதலில் பாதத்தையும் அது நிற்கும் தரையையும் கவனிக்க வேண்டும்.

யானையின் உள்ளங்காலுக்குள் கொழுப்பும் நாரும் கலந்த மெத்தை போன்ற திசு இருக்கிறது. காட்டில் மண்ணிலும் சேற்றிலும் சரளையிலும் மாறி மாறி நடக்கும்போது அந்தப் பாதம் அளவாகத் தேய்ந்து, வலுவாக இருக்கும். சிமெண்டுத் தரையிலோ கருங்கல் தளத்திலோ நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் யானைக்கு இது நடப்பதில்லை. நகங்கள் தேயாமல் வளர்ந்து வெடிக்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, சிறுநீர் தேங்கிய ஈரத்தில் உள்ளங்கால் தோல் ஊறி மென்மையாகிப் புண்ணாகிறது. அந்தப் புண்ணில் சீழ் பிடித்து எலும்பு வரை சென்றுவிட்டால் ஆற்றுவது மிகக் கடினம்.

ஆகவே கொட்டகையின் தரையைப் பெயர்த்து, யானை நிற்கும் பகுதியிலும் படுக்கும் பகுதியிலும் மண்ணும் மணலும் ஆழமாக நிரப்புங்கள். நீர் வடிந்து ஓடும்படி சரிவு கொடுத்து, நாற்றமடிக்கும் மணலை உடனுக்குடன் மாற்றுங்கள். தினமும் காலையில் நான்கு பாதங்களையும் கழுவித் துடைத்து, பொதுவாக முன்னங்காலில் ஐந்தும் பின்னங்காலில் நான்கும் இருக்கும் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வெடிப்பு, வீக்கம், சூடு, கெட்ட வாடை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நகத்தை அறுப்பதும் அராவுவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. சங்கிலியை எப்போதும் ஒரே காலில் பூட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

கொட்டகையின் ஒரு பக்கத்தில் மணலைச் சரிவாகக் குவித்து வையுங்கள். மூட்டு வலியுள்ள யானை தரையில் படுத்தால் எழ முடியாது என்ற பயத்தில் இரவெல்லாம் நின்றுகொண்டே இருக்கும். மணல் மேடு இருந்தால் அதில் சாய்ந்து படுத்து, எளிதில் எழுந்துவிடும்.

நடையைப் பொறுத்தவரை, வெயில் ஏறுமுன் மண் பாதையில் நான்கைந்து கிலோமீட்டராவது நடத்திச் செல்வது நல்லது. தார்ச் சாலையைத் தவிர்க்க முடியாவிட்டால், உங்கள் உள்ளங்கையை அதில் வைத்துப் பாருங்கள். கை சுட்டால் யானையின் காலும் சுடும். குளியல் தொட்டியோ குளமோ இருந்தால் உடல் மூழ்கப் படுக்க விடுங்கள், ஏனென்றால் மூட்டுகளின் மேலிருந்து எடை இறங்கும் நேரம் அது.

உணவில் பெரும்பாலும் அளவைவிட முறைதான் பிழையாக இருக்கிறது. காட்டு யானை நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழித்து, 150 கிலோவோ அதற்கு மேலோ தழையும் புல்லும் தின்கிறது. அதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அப்படிப்பட்ட உயிருக்கு இரண்டு வேளை சோற்று உருண்டையைக் கொடுத்துவிட்டு மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்க வைத்தால், உடல் பருக்கிறது, மனம் சோர்கிறது. ஆல், அரசு, தென்னை மட்டை, சோளத்தட்டை, பசும்புல் ஆகியவற்றை நாளைக்கு ஐந்தாறு தவணையாக, பட்டையோடும் கிளையோடும் போட வேண்டும். பக்தர்கள் தரும் வாழைப்பழத்தையும் வெல்லத்தையும் கட்டுப்படுத்தி, ஒரு கட்டுத் தழைக்கான தொகையைக் காணிக்கையாக வாங்குவது யானைக்கு உண்மையான சேவை. சாணத்தில் நீளமான, மெல்லப்படாத நார்கள் மிகுதியாகத் தெரிந்தால் பல்லைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

யானை தலையை ஆட்டி, இடமும் வலமும் அசைந்துகொண்டே இருப்பதை நாதசுரத்துக்கு ஆடுகிறது என்று மகிழ்ச்சியோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது கட்டுண்டும் தனித்தும் இருப்பதால் வரும் மன உளைச்சலின் அடையாளம். பெண் யானைகள் காட்டில் தாயும் சகோதரிகளுமாகக் கூட்டமாக வாழ்பவை. 2003-இல் முதுமலை தெப்பக்காட்டில் தொடங்கி, பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் கோயில் யானைகளுக்காக நடந்த 48 நாள் புத்துணர்வு முகாமில், மற்ற யானைகளின் அண்மைதான் அவற்றுக்குக் கிடைத்த பெரிய மருந்து என்பது என் கருத்து. அடுத்த ஊர்க் கோயிலில் யானை இருந்தால் இரண்டையும் அவ்வப்போது சந்திக்க வையுங்கள். புதிதாக யானை வாங்கும் எண்ணம் எந்தக் கோயிலுக்கும் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2023-இல் இதையே வலியுறுத்தியது.

காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றக்கூடியது. ஆகவே பாகனுக்கும் உதவியாளருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்வதும், தும்பிக்கையால் ஆசி வழங்கச் செய்வதை நிறுத்துவதும் அவசியம். பாகனுக்கு உரிய சம்பளமும் விடுப்பும் கொட்டகைக்கு அருகிலேயே தங்குமிடமும் கொடுங்கள். பாகன் மாற வேண்டியிருந்தால், புதியவர் சில மாதங்கள் பழையவரோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் குன்றக்குடி சண்முகநாதர் கோயில் யானை சுப்புலட்சுமி, கொட்டகையில் பற்றிய தீயால் இறந்தது. கொட்டகையில் ஓலை, மின்கம்பி, காய்ந்த தழை மூன்றும் ஒன்று சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலர் இருட்டிலும் ஒரே இழுப்பில் அவிழ்க்கக்கூடிய பூட்டையே சங்கிலிக்குப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி பராமரிக்கும் பதிவேடுகளோடு, ஒரு சிறு குறிப்பேட்டையும் பாகனிடம் கொடுத்து, நேற்றிரவு யானை எத்தனை மணிக்குப் படுத்தது, எந்தப் பக்கமாகப் படுத்தது, எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றியது என்று நாள்தோறும் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் வந்தவுடன் அவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தக் குறிப்பேடுதான்.