ஹெர்னியா அறுவையில் டிரானெக்சாமிக் அமிலம்: பயிற்சி மருத்துவர்களுக்கு

ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற வலை உருவாகிறது. பிளாஸ்மின் என்ற நொதி அந்த வலையைக் கரைக்கிறது. டிரானெக்சாமிக் அமிலம் அந்தக் கரைப்பைத் தடுக்கிறது. 1962-இல் ஜப்பானின் ஒகாமோட்டோ தம்பதி இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். கசிவைத்தான் இது குறைக்கும். பீய்ச்சும் நாளத்தைக் கட்டித்தான் நிறுத்த வேண்டும்.

படி 1: யாருக்கு?

தொடையிடுக்கு ஹெர்னியா எல்லாவற்றுக்கும் இது வேண்டாம். விதைப்பை வரை இறங்கியது, மறுபடியும் வந்தது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல் சாப்பிடுபவர் என்றால் யோசிக்கலாம். கோயம்பேட்டில் மூட்டை தூக்கும் பெரியவரிடம் "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்றால் "இல்லை" என்பார். "நெஞ்சுக்கு ஏதாவது மாத்திரை உண்டா ஐயா?" என்று கேளுங்கள். சட்டைப்பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டையை எடுத்து நீட்டுவார்.

படி 2: யாருக்குக் கூடாது?

காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி இருப்பவருக்குக் கூடாது. வலிப்பு வந்தவர் என்றால் சீனியரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவும் வேண்டாம், அவருடைய மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

படி 3: ஆம்பூலைத் தள்ளி வையுங்கள்

இந்தப் படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறோம். அதற்கான புப்பிவாகெய்னும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சிறு கண்ணாடி ஆம்பூல்கள். மாறிப்போய் இது தண்டுவடத் திரவத்தில் கலந்தால் கடும் வலிப்பு வரும், உயிரே போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இதைப் பற்றி எச்சரித்தது. முதுகு ஊசித் தட்டில் இது இருக்கவே கூடாது. வேறு இடத்தில் வையுங்கள், முதுகு ஊசி முடிந்த பிறகே எடுங்கள். பெயரை வாய்விட்டுப் படித்து, மயக்க மருந்து டாக்டரின் காதில் விழுந்த பிறகே உடையுங்கள். அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

படி 4: கொடுப்பது

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 1 கிராம். 5 மில்லியில் 500 மில்லிகிராம் உள்ள ஆம்பூல் என்றால் இரண்டு. கத்தி வைப்பதற்கு முன், சிரை வழியாக, நிமிடத்துக்கு 1 மில்லிக்கு மேல் போகாமல் 10 நிமிடம். வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் சரியும். முதுகு ஊசியால் ஏற்கெனவே இறங்கியிருக்கும் அழுத்தம் அது.

படி 5: மறுநாள் காலை

காயத்தின் மேல் போட்ட கட்டை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். விதைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கருநீலமாக வீங்கியிருந்தால் உடனே சீனியரை அழையுங்கள்.