பழைய பித்தளைக் குண்டுக்கூட்டுக்குப் புளியே போதும்

பினாங்கு லோரோங் கூலிட் மாதிரி பழைய சாமான் சந்தையில் ராணுவக் குண்டின் காலிப் பித்தளைக் கூடு கிடைத்துப் பூச்சாடியாக வைக்கப்போகிறீர்களா? அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரை அதன் மேல் தெளிக்காதீர்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் தேய்த்து, சில நிமிடத்தில் கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். கறுப்பு விட்டுப் பொன்னிறம் தெரியும். ஒரு வெள்ளிகூடச் செலவாகாது.

அந்தச் சில நிமிடத்தில் புளியின் அமிலம் மேலிருக்கும் கறுப்பு ஆக்சைடை மட்டும் கரைக்கும். குண்டுக்கூட்டுப் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். தகட்டை அழுத்தி இழுத்து வடித்திருப்பதால் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும். அதில் அம்மோனியா பட்டால் மயிரிழை போல விரிசல் ஓடும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் இப்படித்தான் விரிசல் விட்டன, குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவால். பித்தளை பாலிஷ் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

புளியில் இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. துத்தநாகம் கரைந்து இளஞ்சிவப்புத் திட்டு விழும். வார்னிஷ் பூசிய கூட்டுக்கும் பித்தளை முலாம் பூசிய இரும்புக்கும் இது ஒத்துவராது. காந்தம் ஒட்டினால் இரும்பு என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம், மேலே குண்டு இருந்தாலோ அடிப்பக்க மூடியில், சுட்டபோது ஊசி குத்திய பள்ளம் இல்லாவிட்டாலோ தொடவே தொடாதீர்கள். தள்ளி நின்று 999-க்கு அழையுங்கள்.