கொழுந்து ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு இரண்டு: தமிழ் அறிக்கைகளில் காப்பியைக் கண்டுபிடிப்பது

குன்னூரில் கல்லூரிப் பிள்ளைகளின் தேயிலை ப்ராஜெக்ட் அறிக்கைகளைத் திருத்துகிறேன். 40 அறிக்கை இருந்தால், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட 780 ஜோடி ஆகிறது, கண்ணால் முடியாது. கம்ப்யூட்டர் செய்யும். ஆனால் தமிழுக்கு முன்வேலை அதிகம், அதை விட்டால் வரிக்கு வரி எடுத்ததுகூடத் தப்பிவிடும்.

முதலில் எல்லாவற்றையும் யூனிகோடு வெறும் டெக்ஸ்ட்டாக மாற்றுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கன்வெர்ட்டரில் போட்டே ஆக வேண்டும்.

அப்புறம் ‘கொழுந்து’ என்ற சொல்லைப் பாருங்கள். இதிலுள்ள ‘கொ’வை, ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு வேறு சொல். பைத்தான் என்ற நிரல்மொழியோடு வருகிற யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் செய்து, எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ‘கொ’வில் ஒகரக் குறி ஒன்றாகவே இருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

பெரிய சிக்கல் இடைவெளிதான். மூன்று மூன்று சொல்லாக, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வெட்டி, பொதுவான துண்டுகளை எண்ணுவது வழக்கமான முறை. இந்த இரண்டு வரியில் அதைச் செய்து பாருங்கள்:

குன்னூர் வரை வந்திருந்த ரயில் பாதை 1908இல் உதகை வரை நீண்டது.
குன்னூர்வரை வந்திருந்த ரயில்பாதை 1908இல் உதகைவரை நீண்டது.

மேலே 7 துண்டு, கீழே 4 துண்டு, பொதுவாக ஒன்றுகூட இல்லை! அதனால் இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கிவிட்டு, பத்துப் பத்து எழுத்தாக, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி வெட்டுங்கள். எழுத்து என்றால் நாம் எண்ணுகிற எழுத்து, ‘கொ’ ஒன்றுதான். இப்படிச் செய்தால் ‘தேயிலைத் தோட்டம்’ என்பதில் ‘த்’ என்ற ஒற்றெழுத்தை ஒருவர் விட்டிருந்தாலும் அதைத் தொடுகிற துண்டுகள்தான் மாறும், மற்றவை பொருந்தும்.

பொதுத் துண்டுகளின் எண்ணிக்கையைச் சிறிய அறிக்கையின் துண்டுகளால் வகுங்கள். இரண்டையும் சேர்த்த மொத்தத்தால் வகுத்தால், நீளமான அறிக்கையிலிருந்து உருவிய இரண்டு பக்கம் கண்ணில் படாமல் போகும்.

கணக்குப் போடுவதற்கு முன் முகப்புப் பக்கம், பெயர் சொல்லிக் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல் இவற்றை எடுத்துவிடுங்கள். ஒருமுறை அதிக சதவீதம் வந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன், அப்புறம் பார்த்தால் பொருந்தியதில் பாதி நான் எல்லாருக்கும் கொடுத்த கேள்விப் பட்டியல். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போவதையும் அது விட்டுவிடுகிறது. தமிழில் 14 சொல் என்பது பெரும்பாலும் ஒரு முழு வாக்கியத்துக்கும் மேல், அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சொந்தச் சொற்களில் மாற்றி எழுதியதை இந்த முறை பிடிக்காது. அங்கே பிழைகளைத் தேடுங்கள். மூன்று அறிக்கையில் ‘கொளுந்து’ என்று ஒரே இடத்தில் இருந்தால், அந்தப் பக்கங்களை அருகருகே வைத்து முழுதாகப் படியுங்கள். பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாய், யாரிடம் பேசினாய் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.