4-20 மில்லியாம்ப் சென்சாருக்கு எந்நேரமும் கரன்ட் வேண்டாம்

பேட்டரியில் ஓடும் லோராவான் நோடில் (அளவை ரேடியோ வழியே தொலைவுக்கு அனுப்பும் சிறு கருவி) இரண்டு ஒயர் 4-20 மில்லியாம்ப் சென்சாரை, அதாவது அளவை 4 முதல் 20 மில்லியாம்ப் வரையான கரன்டாகச் சொல்லும் சென்சாரை, மாட்டினால், அதற்கு 24 வோல்ட்டை எந்நேரமும் விட்டு வைக்காதீர்கள். அளவெடுப்பதற்குச் சில விநாடி முன்பு ஆன் செய்து, எடுத்ததும் ஆஃப் செய்யும்படி நோடில் செட்டிங் வையுங்கள்.

லூப்பில் (சென்சாரின் ஒயர் சுற்றில்) 12 மில்லியாம்ப் ஓடினால், பேட்டரியின் 3.6 வோல்ட்டை 24 ஆக ஏற்றும் நஷ்டமும் சேர்ந்து பேட்டரியிலிருந்து சுமார் 95 மில்லியாம்ப் போகும். 19 ஆம்பியர்-அவர் லித்தியம் செல் எட்டு நாளில் காலி. 15 நிமிடத்துக்கு 5 விநாடி மட்டும் கொடுத்தால் சராசரி அரை மில்லியாம்ப்தான்.

ஆன் நேரத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். லூப்பில் 250 ஓம் ரெசிஸ்டர் போட்டு மீட்டரில் பாருங்கள்: 12 மில்லியாம்புக்கு 3 வோல்ட் வரும். அது அசையாமல் நிற்க ஆகும் நேரத்தோடு ஒரு விநாடி கூட்டிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அளவெடுத்தால் 4 மில்லியாம்புக்குக் கீழே காட்டும். நோடும் ஒயர் அறுந்ததாக அலாரம் அனுப்பும், ஆள் வீணாக அலைவார்.

மொத்த ஓட்டத்தைத் தானே எண்ணும் ஃப்ளோ மீட்டர், நிலைப்பட நெடுநேரம் எடுக்கும் கேஸ் சென்சார் ஆகியவற்றுக்கு இது ஒத்துவராது. கன்ட்ரோல் பேனலிலேயே 24 வோல்ட் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.