கரடிப் பெட்டியில் செருப்பு, காருக்குள் நெய்: கேம்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் வண்டி ஓட்டினால் கலவேரஸ் பிக் ட்ரீஸ் ஸ்டேட் பார்க் வந்துவிடும். ராட்சத சிக்வோயா மரங்களைக் காப்பதற்காக 1931இல் மாநிலப் பூங்கா ஆக்கிய இடம். சின்னப் பிள்ளைகளோடு இரண்டு இரவு தங்கிவர வசதியான காடு. ஒவ்வொரு கோடையிலும் அங்கே நம்மவர்கள் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துகளைப் பக்கத்து சைட்டில் (டெண்ட் போட ஒதுக்கும் இடத்தில்) அப்படியே பார்க்க முடிகிறது. டார்ச், கொசு மருந்து, தீப்பெட்டி மறப்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டு வாங்க முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

மே மாதம் யோசித்து ஜூலைக்கு இடம் தேடுவது

கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பே திறந்துவிடும். ஜூலை 10ஆம் தேதிக்கு வேண்டுமென்றால் ஜனவரி 10 காலை 8 மணிக்கு லேப்டாப்பும் கையுமாக உட்கார வேண்டும். வார இறுதி இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தவறவிட்டவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளைப் பாருங்கள். யாராவது ரத்து செய்த இடமும் அவ்வப்போது கிடைக்கும்.

பொதுவாக ஒரு சைட்டுக்கு எட்டுப் பேர்தான். “குழந்தைங்கதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று மூன்று குடும்பம் ஒரே சைட்டில் இறங்குவார்கள். குழந்தைகளும் கணக்கில் உண்டு.

குளிருக்கு மேலே மேலே போர்த்துவது

கோடைதானே என்று கிளம்புகிறார்கள். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,700 அடி உயரம். ஜூன் மாத இரவிலும் 50 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போகலாம். மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்குகிறவர்களுக்குக் குளிர் வருவது தரையிலிருந்து. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகம் உடம்பு எடையில் நசுங்கிவிடுவதால் அது சூட்டைப் பிடித்து வைக்காது. விருந்தாளிகளுக்குப் போடும் காற்று மெத்தை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் காற்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கும். உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் ஃபோம் விரிப்பு ஒன்றைப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புதிதாக வாங்குவதென்றால் ஆர்-வேல்யூ (குளிரைத் தடுக்கும் அளவு) 3க்கு மேல் இருக்கும் படுக்கை விரிப்பாகப் பாருங்கள். டெண்டுக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கலாம்.

புது டெண்டை இருட்டில் பிரிப்பது

முதலில் வீட்டு ஹாலில் நட்டுப் பாருங்கள்.

“நாங்க சைவம், கரடி எங்ககிட்ட ஏன் வரப்போகுது?”

எனக்கு இன்றுவரை எரிச்சல் குறையாத விஷயம் இதுதான்.

ஒவ்வொரு சைட்டிலும் மேஜை பக்கத்தில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். கரடிப் பெட்டி. அதன் தாழ்ப்பாள் மனிதக் கை மட்டும் உள்ளே நுழைந்து திறக்கும்படி செய்தது. சாப்பாடு அதற்குள் இருக்க வேண்டும் என்று நுழைவாயிலில் சொல்கிறார்கள், பலகையிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்தப் பெட்டியில் செருப்பையும் மடக்கு நாற்காலியையும் வைத்துவிட்டு, நெய் டப்பாவைக் காருக்குள் வைக்கிறார்கள். கேட்டால் கார்தான் பூட்டியிருக்கிறதே என்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் இப்போது இருப்பது கருங்கரடி மட்டும்தான். மாநிலக் கொடியில் இருக்கும் கிரிஸ்லி இங்கே அழிந்து நூறு வருடம் ஆகிறது. கருங்கரடியின் சாப்பாட்டில் பெரும்பங்கு புல், பழம், கொட்டை, எறும்பு. சைவ டப்பாதான் அதற்கு ஏற்ற டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தேடித் தின்னக்கூடிய மிருகம் அது. அரைக்கிலோ நெய்யில் மட்டும் 4,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. காடெல்லாம் அலைந்து பழம் பொறுக்குவதைவிட உங்கள் வேனின் கதவை இழுப்பது அதற்கு லாபம். கைப்பிடியை இழுத்துக் கதவு திறக்க அதற்கு நன்றாகவே தெரியும்.

ஒரு கோடையில் எங்களுக்கு இரண்டு சைட் தள்ளி ஒரு குடும்பம். ராத்திரி ஹாரன் சத்தம் கேட்டு முழித்துக்கொண்டோம். பூட்டாமல் விட்ட வண்டிக்குள் கரடி ஏறியிருக்கிறது. சரிவில் நின்ற வண்டி, கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட கரடி வெளியே வர வழி தேடிக் கதவின் உள்பக்கம், சீட், கூரைத் துணி எல்லாவற்றையும் கிழித்தெடுத்துவிட்டது. பூங்காக் காவலரான ரேஞ்சர் வந்து தூரத்திலிருந்து கயிறு கட்டிக் கதவைத் திறந்துவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால், அது எதற்காக ஏறியதோ அந்தப் பொருள் சாப்பாட்டுப் பையே இல்லை. குழந்தையின் கார் சீட்டு இடுக்கில் கிடந்த முறுக்குத் தூளும், டேஷ்போர்டில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலும்தான். அந்த வீட்டுக்காரர், “பூங்காக்காரங்க கரடியைக் கட்டுப்படுத்த வேண்டாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

வண்டியைக் காப்பீடு சரிசெய்துவிடும். கரடிக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை ருசி கண்ட கரடி கேம்ப் கிரவுண்டுக்குத் திரும்பத் திரும்ப வரும். தூரக் கொண்டுபோய் விட்டாலும் பல கரடிகள் வந்துவிடுகின்றன. ஆளைக் கண்டு பயம் போய்விட்டால் கடைசியில் அதைக் கொல்ல வேண்டியதாகிறது.

ஆகவே, வாசனை உள்ள எல்லாம் பெட்டிக்குள்: பெருங்காயம், ஊறுகாய், தலை எண்ணெய், டூத்பேஸ்ட், ஈரத் துடைப்பான், குப்பைப் பை. பூட்டிய கூலரும் உள்ளேதான். பகலிலும், நடக்கக் கிளம்பும்போதும், தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் கார் சீட்டைக் கழற்றி வேக்கம் போடுங்கள். பெட்டியின் அளவு இடத்துக்கு இடம் மாறும். மூன்று கூலர் கொண்டுபோனால் இரண்டுதான் நுழையும், மூன்றாவதை எங்கே வைப்பீர்கள்?

சமையலறையையே ஏற்றிக்கொண்டு போவது

மேலே சொன்ன இடப் பிரச்சினை இங்கிருந்துதான் கிளம்புகிறது. குக்கர், மிக்ஸியில் அரைத்த இரண்டு வகை சட்னி, தோசைக்கல், பத்துப் பொடி டப்பா. காட்டுக்கு வந்த அம்மாக்கள் பாதிப் பேர் மரத்தைப் பார்ப்பதே இல்லை. அடுப்படியிலேயே பொழுது போய்விடுகிறது. முதல் ராத்திரிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். மறுநாளுக்கு வறுத்த ரவை, வீட்டிலேயே நறுக்கிய காய், தாளிப்புச் சாமான் ஒரே டப்பாவில். அப்புறம் சப்பாத்தி, தொக்கு. போதும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புதரில் கொட்டாதீர்கள். பருக்கையை வடிகட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரை அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்ற வேண்டும்.

வீட்டிலிருந்து விறகு

கூடாது. பட்டைக்குள் வண்டும் நோயும் சேர்ந்து பயணம் செய்யும். அங்கேயே வாங்குங்கள். சுள்ளி பொறுக்கவும் அனுமதி இல்லை. வறண்ட மாதங்களில் விறகுத் தீக்கே தடை வரலாம், ஆகவே கேஸ் அடுப்பை நம்பியே சமையலைத் திட்டமிடுங்கள்.

ஸ்பீக்கர்

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். மற்ற நேரத்திலும் உங்கள் பாட்டு உங்கள் சைட்டைத் தாண்டக் கூடாது.

சுரங்க மரத்தில் போட்டோ எடுக்கத் தேடி அலைவது

அடிமரத்தைக் குடைந்து வழி வெட்டியிருந்த அந்த சிக்வோயா 2017 ஜனவரிப் புயலில் விழுந்துவிட்டது.

கடைசி நாள் காலையில் இட்லி

மதியம் 12 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்கு பிரெட்டும் ஜாமும்தான். டெண்ட் பனியில் நனைந்திருக்கும். அப்படியே சுருட்டிப் போட்டுவிட்டு அடுத்த கோடையில் பிரித்தால் பூஞ்சை வாடை மூக்கைத் துளைக்கும். வீட்டுக்கு வந்த அன்றே பால்கனியில் விரித்துக் காயவைத்துவிடுங்கள்.