டின்னர் மேடையிலிருந்து டாப் பட்டியல் வரை: கிட்டார் பேண்டுக்காரர்களுக்கு

புதிதாகப் பேண்டு தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ராகா வானொலியில் பாட்டு எப்படிப் போட வைக்கிறது?" என்பதுதான். அதற்கு முன்னால் நிறைய டின்னர் இருக்கிறது, தம்பி.

நான் கோலாலம்பூர் செந்தூல் வட்டாரப் பேண்டு ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன், புக்கிங்கும் என் பொறுப்புதான். கோலாலம்பூரில் தமிழ் கிட்டார் பேண்டுக்கு முதலில் கிடைக்கும் மேடை கல்யாண டின்னர், பிறந்தநாள் விருந்து, கோயில் திருவிழா. அங்கே கேட்பது சினிமாப் பாட்டு. முகம் சுளிக்காமல் வாசியுங்கள். நடுவில் உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றைச் சொருகுங்கள். ஒன்றே ஒன்று போதும்.

எந்த இடத்தில் என்பதுதான் விஷயம். ஆரம்பத்தில் வேண்டாம், பாதி மேசை காலியாக இருக்கும். யம் செங் (எல்லாரும் கோப்பை உயர்த்தி வாழ்த்துவது) முடிந்து ஆட்டம் தொடங்கிவிட்டால் மெலடியை யாரும் சீண்டமாட்டார்கள். கேக் வெட்டிய பிறகு, சாப்பாடு வந்துகொண்டிருக்கும்போது எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்த மெலடி ஒன்றைப் பாடி முடித்து, கிட்டாரை நிறுத்தாமல் அதே சுருதியில் உங்கள் பாட்டுக்குள் நுழையுங்கள். 'இது எங்கள் சொந்தப் பாட்டு' என்று முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். அறிவித்தால் சிகரெட் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பாடி முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது முறை பல்லவி வரும்போது மேசைகளைக் கவனியுங்கள். சின்னப் பிள்ளைகள் வாயசைத்தால் பாட்டு தேறும். பல மண்டபங்களில் வாசித்தும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்றால் பல்லவியை மாற்றுங்கள், சத்தத்தைக் கூட்டாதீர்கள்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. மண்டபச் சுவரெல்லாம் எதிரொலி. கிட்டார் ஆம்ப்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) தரையில் வைத்தால் சத்தம் வாசிப்பவர் முழங்காலுக்குத்தான் போகும். காதில் சரியாக விழாமல் அவர் கூட்டிக்கொண்டே போவார், பாடகர் குரல் அமுங்கிவிடும். ஆம்ப்பை நாற்காலியில் ஏற்றிக் காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள், அவரே குறைத்துவிடுவார். மேடை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்குப் பக்கத்தில், ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப் உள்ள சிங்கிள் காயில் கிட்டார் 'ம்ம்ம்' என்று இரையும். நாலடி தள்ளி நிற்கலாம், இல்லாவிட்டால் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் கிட்டார் கொண்டுவரலாம்.

பாட்டைப் பரப்பும் வழிக்கு ஓர் உதாரணம்: இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் பேண்டுப் பையன்கள் தங்கள் டெமோவை (மாதிரி ஒலிப்பதிவை) சிடியில் எழுதி, வாசிக்கும் இடத்திலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். ரசிகர்கள் அதை இணையத்தில் பரப்பினார்கள். லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) வருவதற்கு முன்பே கூட்டம் கூடச் சேர்ந்து பாடியது. 2005 அக்டோபரில் டோமினோ லேபிளில் அவர்களின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டு) வந்ததும் பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் நேராக முதலிடம். நமக்கு சிடி வேண்டாம். ஒவ்வொரு மேசையிலும் கியூஆர் அட்டை வையுங்கள், கல்யாண வீட்டாரின் அனுமதியோடு. (வீடியோ எடுத்தவரிடம் உங்கள் பாட்டு வரும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் குழுவை மிஞ்சிய விளம்பரம் கிடையாது.)

பாட்டு தேறிய பிறகுதான் ஸ்டுடியோ. நமக்கு நீண்ட ஹம்மிங், புல்லாங்குழல், அப்புறம்தான் பல்லவி என்ற பழக்கம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவையாகக் கணக்கு, அதனால் அதற்குள் குரல் வரட்டும். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் (கலைஞர்களுக்கான பக்கம்) வழியாகப் பாட்டை அனுப்புங்கள். அனுப்பினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டு வரிசையில் வரும். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை ஓடாவிட்டால் அங்கே ஒலிப்பதிவுக்கான பணமே கிடையாது.

மெட்டு யாருடையது, வரி யாருடையது, எத்தனை சதவீதம் என்பதை ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள். எழுதியவர்கள் எம்ஏசிபியில் (பாட்டு எழுதுபவர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் மலேசிய அமைப்பு) சேர்ந்து பாட்டைப் பதிந்தால்தான் வானொலியில் ஒலிபரப்பாகும்போது உரிமைத்தொகை வரும்.

இப்போது ராகாவுக்கும் இன்னொரு தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம்முக்கும் அனுப்பலாம். நல்ல தரத்தில் டபிள்யூஏவி ஒலிக்கோப்பு, ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்), வரிகள், இரண்டு வாக்கியத்தில் பேண்டு அறிமுகம். பிறகு தினமும் போன் போட்டு நச்சரிக்காதீர்கள். அனுப்பிய வாரமே மண்டபங்களில் வாசித்த வீடியோவையும் வெளியிடுங்கள்.

பட்டியலில் ஏற இந்தியக் குரல் மாதிரி பாட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பினாங்குத் தமிழர்களான டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ஆலிகேட்ஸ் பேண்டு ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துப் பழகி, மலாய்ப் பாட்டுகளால் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. கேட்ட மாத்திரத்தில் தெரிகிற குரல் அவர்களுடையது.

பாட்டு பட்டியலில் ஏறினால் டின்னர் அழைப்பு கூடும். கட்டணத்தை உயர்த்துங்கள், முன்பணம் கைக்கு வந்த பிறகே தேதியை எழுதுங்கள். இரண்டாவது பாட்டின் ஒலிப்பதிவு அதற்குள் முடிந்திருக்க வேண்டும். மண்டபத்தில் அதைச் சொருகும் இடம் பழைய இடம்தான், கேக் வெட்டிய பிறகு.